வாசித்து விளங்கப்படுத்தினேன்

ஒரு பிள்ளையை எழுதிக் கொடுப்பதற்குச் சாவகச்சேரியில் முப்பது ரூபாய். காபன் பிரதியும் வேண்டுமென்றால் ஐந்து ரூபாய் கூட. காணி எழுதிக் கொடுப்பதற்கும் இதே விலைதான், நின்றுபோன பென்சனைக் கேட்டு எழுதுவதற்கும் இதே விலைதான், தொலைந்த அடையாள அட்டைக்கும் இதே விலைதான். கிருபைரட்ணம் மாஸ்டர் தாளுக்கும் மைக்கும் தன் விரல்களுக்கும்தான் காசு வாங்குகிறவர். தாளில் ஏறுகிற பொருளுக்கும் விலை வைப்பதென்று தொடங்கினால் அந்தத் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் ஒருத்தராலும் ஒரு கடதாசி எழுதுவிக்க முடியாது.

மாஸ்டர் என்று ஊர் சொன்னதே தவிர அவர் ஒருநாளும் வகுப்பெடுத்தவர் அல்லர். நீதிமன்றத்தில் இருபத்தெட்டு வருடம் தட்டச்சு அடித்து இளைப்பாறியவர். நீதிமன்றக் கட்டடம் இப்போது பூட்டிக் கிடந்தது. அதற்கு எதிரே, சைக்கிள் திருத்துகிற ஒரு கடையின் முன்தாழ்வாரத்தில் மேசையும் றெமிங்டன் மெசினுமாக அவர் உட்கார்ந்திருந்தார். அரசாங்கம் தந்த சமாதான நீதவான் பட்டமும் அதற்குரிய றப்பர் முத்திரையும் அவரிடம் இருந்தன. பட்டம் தந்த அரசாங்கம் ஆனையிறவுக்கு அப்பால் நின்றது. முத்திரைக்கு அது தெரியாது, குத்திய இடமெல்லாம் ஊதாவாக விழுந்தது. றிபன் கிடைக்காத காலம். பழைய றிபனை மண்ணெண்ணெயில் துடைத்து, விளக்குக் கரியும் தையல் மெசின் எண்ணெயும் குழைத்துப் பூசி, வெயிலில் உலர்த்தி மறுபடி ஏற்றுவார். அதனால் அவர் அடித்த கடதாசிகள் எல்லாவற்றிலும் குசினி மணம் இருந்தது.

மாஸ்டருடைய தகப்பன் சாவகச்சேரிச் சந்தையில் மாம்பழத் தரகராக இருந்தவர். மனுசன் ஒருநாளும் ஒரு கணக்கையும் முழுக்கத் தீர்த்ததில்லை. நூறு ரூபாய்க்குச் சரக்கெடுத்தவனிடம் ஒரு ரூபாய் குறைய வாங்கிக்கொண்டு, "ஒரு ரூவா நிக்கட்டும். அப்பதான் திரும்பி வருவாய்" என்பார். கணக்குச் சரியாகிவிட்டால் இரண்டு பேருக்கும் இடையில் ஒன்றுமில்லை என்பது அவருடைய கட்சி. மகனுக்கு அவர் விட்டுப்போனது அந்தப் பேச்சும், ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் அதன் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற பழக்கமும்தான். மகன் அந்தப் பழக்கத்தை ஆங்கிலச் சொற்களில் வைத்துக்கொண்டார்.

நாகேஸ்வரி வந்தபோது பத்தரை மணி இருக்கும். ஆனி மாதத்து வெயில் தார் றோட்டில் நெளிந்தது. மீசாலையிலிருந்து நடந்து வந்திருந்தாள். தலையில் இருந்த ஓலைக் கடகத்தை இறக்கிச் சுவரோரம் வைத்து, அதன்மேல் கிடந்த சீலைத் துண்டால் முகத்தைத் துடைத்தாள். வைக்கோலுக்குள் கறுத்தக்கொழும்பான் மாம்பழங்கள். முப்பத்துநாலு வயது. சந்தையில் அவளிடம் பேரம் பேசி வென்ற ஆளை மாஸ்டர் இன்னும் காணவில்லை. மடியிலிருந்து ஒரு நீல உறையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"போன வருசம் நீங்கள் அடிச்சுத் தந்த கடதாசி சரிவரேல்லையாம், மாஸ்டர். திருப்பி அனுப்பிப்போட்டாங்கள்."

மாஸ்டருக்கு அந்தக் கடதாசி நினைவிருந்தது. எல்லாமே நினைவிருந்தது. அவளுடைய புருசன் பரமலிங்கம் தொண்ணூறில் பிளேன் போட்ட குண்டில் செத்துப்போனான். அடுத்த வருடம் அவனுடைய தங்கச்சி செல்வநாயகி கொழும்புக்குப் போக வெளிக்கிட்டபோது, ஐந்து வயது அருந்ததியையும் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளைக்குக் காதில் ஏதோ அடைப்பு, குண்டுச் சத்தத்தில் வந்தது, கொழும்பில் காட்டுவது என்று பேச்சு. வெளியே போகிறவர்கள் அப்போது ஊரை ஆண்ட இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். திரும்பி வருவார்கள் என்பதற்கு உள்ளே ஒருத்தர் பிணை நிற்கவேண்டும். நாகேஸ்வரி இரண்டு பேருக்கும் பிணை நின்றாள். மூன்று மாதம் என்று போனவர்கள் கொழும்பிலிருந்து கனடாவுக்குப் போய்விட்டார்கள். பிணை நின்றவளுக்கு இனிப் பாஸ் இல்லை. அவளை உள்ளே வைத்துத்தான் அவர்களை வெளியே விட்டது.

செல்வநாயகி அங்கே பிள்ளையைத் தத்தெடுக்கக் கேட்டு வழக்குப் போட்டாள். தாயிடமிருந்து ஒரு சத்தியக்கடதாசி தேவைப்பட்டது. போன வருடம் மாஸ்டர் அதில் 'எண்ட்ரஸ்ட்' என்று போட்டார். நம்பி ஒப்படைத்தல். வட்டிக்கடையில் நகை வைக்கிற மாதிரிக்கூட இல்லை, பக்கத்து வீட்டில் கதவுத் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி. அப்படி ஒரு நல்ல சொல்லைக் கண்டுபிடித்ததற்காக அன்று அவர் தன்னையே மெச்சிக்கொண்டார். அந்த மெச்சலின் விலை எட்டு மாதம்.

உறைக்குள் மூன்று தாள்கள் இருந்தன. ஒன்று செல்வநாயகி தமிழில் எழுதியது. "மச்சாள், யோசியாமல் கையெழுத்து வைச்சு அனுப்புங்கோ. இது வெறும் ஃபோம்தான். ஆடி ஒன்பதாம் திகதி கோட்டிலை விளக்கம். அதுக்குள்ளை வராட்டில் பிள்ளையை என்னட்டையிருந்து எடுத்து அரசாங்கத்தின்ரை வீட்டிலை விடுவினம் எண்டு லோயர் சொல்லுறார்." அடுத்தது அந்த லோயர் ஆங்கிலத்தில் எழுதியது. மூன்றாவது, கையெழுத்து மட்டும் வைத்தால் போதும் என்கிற மாதிரி அடித்து ஆயத்தமாக்கிய நாலு வரி.

சத்தியக்கடதாசி எழுதுகிறவர்களின் தொழிலில் ஒரு முறை உண்டு. அடித்து முடிந்ததும் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லவேண்டும். கையெழுத்து வைக்கப் போகிறவர் ஒவ்வொன்றுக்கும் ஓம் சொல்லவேண்டும். அதன்பிறகுதான் பேனை கைமாறும். அடியில் 'வாசித்து விளங்கப்படுத்தினேன்' என்று அடித்து முத்திரை குத்தவேண்டும். வருகிற கடதாசியையும் அவர் அப்படியேதான் வாசிப்பார். லோயரின் கடதாசியை வரிவரியாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நாகேஸ்வரி ஓம், ஓம் என்று கேட்டாள். போன வருடத்துச் சொல் போதாது, ஒப்படைத்தவர் எப்போதும் திருப்பிக் கேட்கலாம், ஓம். தாய் முற்றாகவும் நிரந்தரமாகவும் விட்டுவிட்டதாக எழுதவேண்டும், ஓம். அடுத்த வரியில் மாஸ்டருடைய கண் ஒரு சொல்லில் இடறியது. அதைத் தாண்டி அதற்கடுத்த வரிக்குப் போனார். அவள் ஓம் சொல்லவில்லை. மாஸ்டர் நிமிர்ந்து பார்க்காமல் மூன்றாவது தாளை எடுத்தார்.

"இது அவையள் அடிச்சு அனுப்பினது. இதிலை கையெழுத்து வைச்சால் காணுமாம்."

"என்ன கிடக்கு உதிலை?"

'அபண்டன்' என்று கிடந்தது. தாய் தொண்ணூற்றொன்றாம் ஆண்டு முதல் பிள்ளையை அபண்டன் பண்ணிவிட்டாள். ஃபோம்தான். எத்தனையோ பேர் அதில் கையெழுத்து வைத்திருப்பார்கள். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார்.

"கைவிட்டிட்டாய் எண்டு கிடக்கு, தங்கச்சி."

"ஆரை?"

"பிள்ளையை."

அவள் கடகத்தைப் பார்த்தாள். பிறகு றோட்டைப் பார்த்தாள்.

"பூனைக்குட்டியைச் சாக்கிலை கட்டிக் கொண்டுபோய்ச் சந்தையடியிலை விட்டிட்டு வாறவை. அந்தக் கைவிடுறதோ?"

"ஓம். அந்தச் சொல்லுத்தான்."

"மாசம் ஒரு கடதாசி போட்டனான், மாஸ்டர். போற சனத்தின்ரை காலிலை விழுந்து குடுத்துவிட்டனான். உவள் மச்சாள் அதுகளைக் காட்டேல்லையாக்கும். காட்டினால் கைவிட்டது எண்டு எழுதேலாதே." குரல் உயரவில்லை. பழத்தில் எங்கே அடிபட்டிருக்கிறது என்று சொல்லுகிற குரல். "இந்தக் கடதாசி எங்கை கிடக்கும்?"

"அங்கத்தைக் கோட்டிலை. ஃபைலிலை."

"அருந்ததி பெரிசானாப்பிறகு கேட்டால் காட்டுவினமோ?"

"காட்டுவினம் எண்டுதான் நினைக்கிறன். அந்த நாட்டிலை அப்பிடித்தான்."

"அப்ப உது வேண்டாம்." தாளை இரண்டு விரலால் தள்ளிவிட்டாள். "வேறை என்ன சொல்லு வைச்சிருக்கிறியள்?"

இப்படித்தான் அந்தப் பேரம் தொடங்கியது. ஆங்கிலத்தில் விட்டுக்கொடுப்பதற்கு எத்தனை சொல் உண்டென்று மாஸ்டர் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆள் வந்து இன்னது வேண்டுமென்று கேட்பார், இவர் பொருத்தமானதை எடுத்துப் போடுவார். இன்றைக்கு எல்லாவற்றையும் சாக்கில் பரப்பவேண்டியிருந்தது. எதிரே நிற்கிறவள் ஆங்கிலம் அறியாதவள், ஆனால் எதையும் திருப்பிப் பார்க்காமல் வாங்காதவள். ஒவ்வொரு சொல்லுக்கும் அவளிடம் இரண்டு கேள்விகள் இருந்தன. உதைப் போட்டால் பிள்ளையை அவையள் மச்சாளிட்டை விடுவினமோ? உதைப் போட்டால் பிள்ளை பிறகு என்னட்டை வரலாமோ? ஒன்றுக்கு ஓம் என்றால் மற்றதற்கு இல்லை என்று வந்தது.

"'வேய்வ்' எண்டு ஒண்டு இருக்கு," என்றார் மாஸ்டர். "அது அரசாங்கக் கந்தோர்ச் சொல்லு. எனக்குக் கேக்க உரிமை இருக்கு, ஆனால் கேக்காமல் விடுறன். பாங்கிலை வட்டியை விடுறாங்களெல்லே, அது மாதிரி."

"உரிமையைத்தானே விடுறன். பிள்ளையை விடேல்லை?"

"ஓம்."

"நல்லாயிருக்கு."

"நல்லாயிருக்கிறபடியால்தான் அவங்கள் எடுக்கமாட்டாங்கள். இன்னொரு எட்டு மாசம் போகும்."

"எட்டு மாசமில்லை மாஸ்டர், மூண்டு கிழமைதான் கிடக்கு. மற்றது?"

"'றினவுன்ஸ்.' அது எனக்கு இனி வேண்டாமெண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறது. சந்நியாசியள் வீடுவாசலை விடுறது. குடியுரிமையை விடுறதுக்கும் போடுறவை."

"காவி உடுத்தவேணுமோ?" என்றாள். ஒரு கணம் இரண்டு பேருடைய வாயோரமும் அசைந்தது. பிறகு நின்றுவிட்டது. "எனக்கு வேண்டாமெண்டு நான் எங்கை சொன்னனான்?"

அந்த நேரம் அடைக்கலநாதன் சைக்கிளைக் கொண்டுவந்து தூணில் சாத்தினான். வவுனியாவுக்கும் கொழும்புக்கும் போய்ச் சாமான் கொண்டுவந்து விற்கிறவன். போகும்போது ஊரின் கடதாசிகளை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வயிற்றோடு கொண்டுபோவான். கிளாலிக் கடலில் வள்ளம் கவிழ்ந்தாலும் நனையாதாம். ஆள் நனைந்தால் என்ன செய்வதென்று யாரும் கேட்பதில்லை.

"மாஸ்டர், முடிஞ்சுதோ? ரண்டு மணிக்கு நான் வெளிக்கிட வேணும். கிளாலியிலை கியூ நிண்டு நம்பர் எடுக்கிறதுக்கிடையிலை எனக்குக் கிழடு தட்டிப்போகும்."

"உனக்கு ஏற்கெனவே தட்டிப்போச்சு. போய்ப் பிளேன்ரீ குடிச்சிட்டு வா."

"ஒரு கடதாசிக்கு இவ்வளவு நேரமோ? அக்கா, விலையைக் குறைச்சுக் கேட்டுக்கொண்டு நிக்கிறியளோ?"

"விலை சரி, தம்பி," என்றாள் நாகேஸ்வரி. "சாமான்தான் சரிவருகுதில்லை."

அவன் போனபிறகு மாஸ்டர் 'றிலிங்குவிஷ்' என்ற சொல்லை எடுத்துவைத்தார். உண்மையைச் சொன்னால் காலையில் அந்த லோயரின் கடதாசியைப் பார்த்தபோதே இதைத்தான் போடுவதென்று அவர் மனதுக்குள் முடிவெடுத்திருந்தார். மரியாதையான சொல். பிடித்திருந்த கையை மெல்ல விரித்து விடுகிறது. அரசர்கள் முடியை விடும்போதும், பெரிய மனிதர் பதவியை விடும்போதும் போடுகிற சொல். லோயரும் ஏற்பார், நாளைக்கு அருந்ததி வாசித்தாலும் தாயைப் பற்றி மட்டமாக நினைக்கமாட்டாள். மற்றவற்றை முதலில் காட்டியதெல்லாம் இதை நல்ல விலைக்கு விற்கத்தான்.

அவர் சொல்லச் சொல்ல நாகேஸ்வரி கையை விரித்துப் பார்த்தாள். விரல் நுனிகளில் மாம்பால் பட்டுக் கறுத்திருந்தது.

"இப்பிடியோ?"

"இப்பிடித்தான்."

"இது மனமாரச் செய்யிறதோ, மாஸ்டர்?"

மாஸ்டர் பொய் சொல்லியிருக்கலாம். "ஓம். மனமாரத்தான்."

"நான் மனமாரக் குடுக்கேல்லை."

"தங்கச்சி, அவங்களுக்கு உன்ரை மனம் தேவையில்லை. கடதாசிதான் தேவை. இது நல்ல சொல்லு. ரண்டு பக்கமும் அடிபடாத சொல்லு."

"நல்லதுதான். நல்லாப் பழுத்திருக்கு. ஆனால் அவள் வாசிக்கேக்கை என்ன நினைப்பாள்? அம்மா யோசிச்சுப் பாத்து, சரி போகட்டும் எண்டு கையை விரிச்சவ எண்டெல்லோ நினைப்பாள். இங்கை என்ன நடந்ததெண்டு அந்தச் சொல்லுக்கை ஒண்டும் இல்லையே. மேலாலை பிளேன் பறந்தது இல்லை. பிணை நிண்டது இல்லை." அவள் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்தாள். "மாஸ்டர், நான் பதினாறு வருசமாய்ப் பழம் விக்கிறனான். திறமான பழத்தை வைக்கோலுக்குக் கீழை ஒளிச்சுப்போட்டு மேலை கிடக்கிறதைக் காட்டுற ஆக்களின்ரை முகம் எனக்குத் தெரியும். காலமை வாசிக்கேக்கை ஒரு வரியை விழுங்கினியள். அதிலை என்ன சொல்லு?"

சைக்கிள் கடைக்காரன் உள்ளே சில்லைச் சுழற்றிவிட்டான். மாஸ்டர் லோயரின் கடதாசியை மறுபடி கையில் எடுத்தார்.

அந்தச் சொல் 'சறண்டர்'. அனுப்பிய ஃபோம் பிடிக்காவிட்டால், எங்கள் நீதிமன்றங்களில் பிள்ளையை விட்டுக்கொடுக்கும் தாய்மாருக்கு வழக்கமாகப் போடுகிற சொல் இதுதான், இதைப் போட்டால் ஒரு கேள்வியும் வராது என்று லோயர் எழுதியிருந்தார். மாஸ்டர் அந்தச் சொல்லைத் தட்டச்சில் அடித்து ஒன்பது வருடமாகிறது.

மிசன் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படித்தவர்களுக்கு அது கோயிலில் கேட்ட சொல். பிரசங்கி கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிற சொல். எல்லாவற்றையும் ஆண்டவரிடம் கொடுத்துவிட்டுச் சுமையில்லாமல் நிற்பது. ஆங்கிலத்தில் அதைவிட அழகான சொல் இல்லையென்று அவர் ஐம்பத்துமூன்று வயதுவரை நினைத்திருந்தார். எண்பத்துநாலு மார்கழியில் மேசன் இன்னாசித்தம்பி வந்தார். ஆமி ஊருக்குள் வந்து பெடியன்களைப் பிடிக்கிற நேரம். தகப்பன்மாரே மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு இங்கிலிஷ் கடதாசியோடு முகாமுக்குப் போனால் விசாரித்துப்போட்டு அன்றைக்கே விடுவார்கள் என்று ஒரு கதை பரவியிருந்தது. இன்னாசித்தம்பியின் மகனுக்குப் பத்தொன்பது வயது. சாந்து குழைப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாதவன். "என்ரை பிள்ளையை உங்களை நம்பிக் கொண்டுவந்து விடுறன், விசாரிச்சுப்போட்டுத் தாங்கோ எண்டு எழுதுங்கோ மாஸ்டர்" என்றார். மாஸ்டர் தனக்குத் தெரிந்த மிக அழகான சொல்லைப் போட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரம்; நாலு பேர் பின்னால் நின்றார்கள். வரிவரியாக வாசித்துக் காட்டவில்லை. வாசித்து விளங்கப்படுத்தினேன் என்று மட்டும் அடித்து முத்திரை குத்தினார். கூலி பத்து ரூபாய். இன்னாசித்தம்பியிடம் ஏழுதான் இருந்தது. "மூண்டு ரூவா பெடியன் வந்தோடனை கொண்டுவந்து தாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முகாமில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவர் பிற்பாடு மாஸ்டரிடம் சொன்னார். அங்கே புத்தகத்தில் இரண்டு பக்கமாம். விசாரணைக்குக் கொண்டுவந்தவர்கள் ஒரு பக்கம், சறண்டர் பண்ணினவர்கள் மற்றப் பக்கம். முதல் பக்கத்தில் இருந்தவர்கள் அநேகமாய் வீட்டுக்குப் போனார்களாம். இன்னாசித்தம்பியின் மகன் மற்றப் பக்கத்தில்; அவன் திரும்பி வரவில்லை. அந்தச் சொல்லால்தானா என்று யாருக்கும் தெரியாது. சொல் இல்லாமலே எத்தனை பேர் காணாமல் போனார்கள். ஆனால் ஒரு தரம் வாசித்துச் சொல்லியிருந்தால், சரணடைகிறது என்று தமிழில் வாயால் சொல்லியிருந்தால், இன்னாசித்தம்பி "ஐயையோ மாஸ்டர், அவன் என்ன இயக்கப் பெடியனே?" என்று கேட்டிருப்பார். மேசனுக்கும் தெரிந்திருக்கக்கூடிய விசயம். தெரிகிறதற்கு அவர் ஒரு நிமிசம் கொடுக்கவில்லை.

இதையெல்லாம் அவர் நாகேஸ்வரிக்குச் சொன்னார். சுருக்கமாக, வழக்குக் குறிப்பு வாசிக்கிற மாதிரிச் சொன்னார். மூன்று ரூபாயைப் பற்றிச் சொல்லவில்லை.

அவள் ஆறுதலும் சொல்லாமல் குற்றமும் சொல்லாமல் தன் அலுவலுக்கு வந்தாள்.

"அது ஆமிக்குப் போன கடதாசி. இது பிள்ளையளைப் பாக்கிற நீதவானுக்குப் போறது. அங்கை இந்தச் சொல்லாலை பிள்ளைக்கு ஏதும் வருமோ?"

"வராது. அவங்களே கேக்கிற சொல்லு."

"பிள்ளையை மச்சாளிட்டை விடுவினமோ?"

"விடுவினம்."

"பிறகு நான் கேட்டு எடுக்கலாமோ?"

"ஏலாது. இதைவிட இறுக்கமான சொல்லு இல்லை."

"சரி. நான் கேக்கிறதுக்கு உள்ளதைச் சொல்லுங்கோ. சறண்டர் எண்டால், தோத்துப்போய்க் குடுக்கிறதுதானே? ஏலாக்கட்டத்திலை, துவக்குக்கு முன்னாலை, வேறை வழியில்லாமல் குடுக்கிறது?"

"ஓம்."

"விருப்பமில்லாமல் குடுத்தவள் எண்டு அந்தச் சொல்லுக்குள்ளை கிடக்கோ?"

மாஸ்டர் அந்தச் சொல்லைத் தனக்குள் ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். கோயிலில் கேட்ட பக்கத்தை அல்ல, மற்றப் பக்கத்தை.

"கிடக்கு," என்றார்.

"அப்ப உதைப் போடுங்கோ."

"தங்கச்சி…"

"தோத்துத்தானே குடுத்தனான், மாஸ்டர். மற்றச் சொல்லு எல்லாம் நான் ஏதோ விட்டது மாதிரிக் கதைக்குது. உது ஒண்டுதான் ஆரோ பறிச்சு எடுத்தது எண்டும் சொல்லுது. என்ரை பிள்ளை இங்கிலிஷ் படிச்சுப்போட்டு வாசிக்கேக்கை அவளுக்கு அது விளங்கும். விளங்கவேணும்."

மேசை லாச்சியில் பங்குனி மாதம் முதல் பத்திரப்படுத்தி வைத்திருந்த நல்ல வெள்ளை ஃபுல்ஸ்கேப் தாள் ஒன்று இருந்தது. அதை எடுத்தார். அதற்குப் பின்னால் காபன், காபனுக்குப் பின்னால் ஒரு பழுப்புத் தாள். மெசினில் ஏற்றி உருளையைத் திருப்பினார். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் வழக்கம்போலத் தடதடவென்று விழுந்தன. அந்த இடம் வந்ததும் விரல்கள் நின்றன. ஒன்பது எழுத்து. அவர் ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்தில் முதல் தரம் மெசின் பழகுகிற பிள்ளையைப் போலத் தேடித் தேடி அடித்தார். நாகேஸ்வரி மேசையைச் சுற்றிவந்து அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று, வாசிக்கத் தெரியாத அந்தச் சொல் கறுப்பாக ஒவ்வொரு எழுத்தாய் முளைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளை உருவி எடுத்து வாசித்தார். மீசாலை, பரமலிங்கம் நாகேஸ்வரி ஆகிய நான், ஓம். எனது புருசன் இறந்துவிட்டார், ஓம். யுத்தத்தினால் என்னால் இவ்விடத்தை விட்டு வெளியேற முடியாது, ஓம். அடுத்த வரிக்கு வந்தபோது மாஸ்டர் அதன் கீழே விரலை வைத்து, தாண்டாமல் வாசித்தார்.

"என்ரை மகள் அருந்ததியை, வேறை வழியில்லாமல் தோத்து, செல்வநாயகியிட்டை ஒப்புக்குடுக்கிறன். இனி அவள் மேலை எனக்கு ஒரு உரிமையும் இல்லை."

அவள் ஓம் சொல்லவில்லை. மாஸ்டர் காத்திருந்தார். எதிரே பூட்டிக் கிடந்த நீதிமன்றத்தின் வாசற்படியில் ஒரு ஆடு ஏறி நின்று, இறங்குவதா ஏறுவதா என்று யோசித்தது. ஓம் இல்லாமல் பேனை கைமாறக்கூடாது. ஒன்பது வருடமாக அவர் அந்த முறையை ஒருதரம்கூட மீறவில்லை. அரைமணித்தியாலம் காத்திருந்தும் வாங்கியிருக்கிறார், திருப்பி அனுப்பியும் இருக்கிறார். நாகேஸ்வரி கையை நீட்டினாள். மாஸ்டர் பேனையைக் கொடுத்தார்.

அவள் தமிழில் கையெழுத்து வைத்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் நிறுத்தி, புள்ளி வைக்கவேண்டிய இடத்தில் அழுத்தி வைத்தாள். மாஸ்டர் 'வாசித்து விளங்கப்படுத்தினேன்' என்ற வரிக்குக் கீழே தன் கையெழுத்தை வைத்து முத்திரையைக் குத்தினார்.

அடைக்கலநாதன் வந்துவிட்டான். உறையை வாங்கிப் பையில் செருகிச் சட்டையை இழுத்துவிட்டான். "பயப்பிடாதைங்கோ அக்கா. நான் போய்ச் சேந்தால் இதுவும் போய்ச் சேரும்." அவள் கடகத்தைக் கிளறி அடியிலிருந்து இரண்டு பழம் எடுத்து அவனுடைய சைக்கிள் கூடையில் போட்டாள். அவன் சைக்கிளை மிதித்துக் கிழக்குப் பக்கமாகப் போனான். றோட்டு வளைவுவரை அவள் பார்க்கவில்லை. மடியை அவிழ்த்துக் காசை எண்ணத் தொடங்கியிருந்தாள்.

"காசு வேண்டாம், தங்கச்சி. போன வருசத்துக் கடதாசி என்ரை பிழை."

"பிழைக்குப் பழத்திலை கழிக்கிறது வேறை. இதுக்குக் காசு வாங்கவேணும். நான் எழுதுவிச்ச கடதாசி." மூன்று பத்து ரூபாய்த் தாள்களை மேசையில் வைத்து நீவிவிட்டாள்.

மாஸ்டர் பழுப்புத் தாளை நீட்டினார். "இந்தா, காபன் கொப்பி."

அவள் அதை வாங்கினாள். மங்கலான நீல எழுத்து. விரலால் வரிகளைத் தடவிக்கொண்டுபோய் ஒரு இடத்தில் நிறுத்தினாள். சரியான இடம்தான், தேடித் தேடி அடித்த சொல்லில் எழுத்துகள் ஒன்றுக்கொன்று சற்று ஏற்ற இறக்கமாக இருந்தன. பிறகு அதை மடிக்காமல் அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இது உங்களிட்டை நிக்கட்டும்."

"ஏன்?"

"இதின்ரை அஞ்சு ரூவாய் நான் தரேல்லை. அருந்ததி வந்து தந்துபோட்டு எடுக்கட்டும்."

கடகத்தைத் தூக்க அவர் ஒரு பக்கம் கை கொடுத்தார். சந்தை இரைகிற பக்கமாக அவள் நடந்தாள். கொஞ்சத் தூரத்தில் யாரோ விலை கேட்க, நின்று, கடகத்தை இறக்காமலே, ஒரு ரூபாயும் குறைக்கமாட்டேன் என்று சொல்லுகிற குரல் கேட்டது.

மாஸ்டர் லாச்சியிலிருந்து கடன் கணக்குக் கொப்பியை எடுத்தார். ஒவ்வொரு தை மாதமும் புதுக் கொப்பி தொடங்கும்போது பழைய கொப்பியில் நிற்பவற்றைப் பார்ப்பார். அநேகமானவற்றை வெட்டிவிடுவார்; செத்தவர்கள், வன்னிக்குப் போனவர்கள், கேட்க வெட்கமானவர்கள். ஒரு வரியை மட்டும் ஒன்பது கொப்பிகளாக, கையெழுத்துக்கூட மாறாமல், புதுப் பக்கத்தின் தலைப்பில் எழுதிவந்திருந்தார். இப்போது அந்தப் பக்கத்தைத் திருப்பினார். பேனையில் மை இழுக்கவில்லை. உதறி, நகத்தில் ஒரு கோடு கீறிப் பார்த்து, முதல் வரிக்கு நேர் கீழே இரண்டாவது வரியை எழுதினார். பழுப்புத் தாளை நாலாக மடித்து அந்தப் பக்கத்துக்குள்ளேயே வைத்தார். பிறகு அடிமட்டத்தை எடுத்துக் கோடு போட்டுக் கூட்டினார்.

இன்னாசித்தம்பி, கடதாசி ஒன்று, பெடியன் வந்ததும்: மூன்று ரூபாய்.

நாகேஸ்வரி மகள் அருந்ததி, காபன் பிரதி ஒன்று: ஐந்து ரூபாய்.

வரவேண்டியது எட்டு ரூபாய்.